மதர்போர்டை மாற்றியதும் மென்பொருள்கள் ஏன் முரண்டு பிடிக்கின்றன?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே வீடியோ எடிட்டிங்கும் போட்டோ வேலையும் செய்கிறேன். போன வாரம் என் கம்ப்யூட்டரில் மதர்போர்டு, பிராசஸர், ராம் மூன்றையும் புதிதாகப் போட்டேன். பழைய எஸ்.எஸ்.டி. டிரைவை அப்படியே கழற்றி இதில் மாட்டினேன். விண்டோஸ் 11 ஓடுகிறது, ஆனால் திரையின் வலது கீழ் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று நிற்கிறது. தினமும் போடும் பின் நம்பரை ஏற்கவில்லை. பாஸ்வேர்டு போட்டுத்தான் உள்ளே போகிறேன். போட்டோ மென்பொருள் ‘ஏற்கெனவே இரண்டு கம்ப்யூட்டரில் பயன்படுத்துகிறீர்கள்’ என்கிறது. ஒரே தடவை காசு கட்டி வாங்கிய ஆடியோ பிளகின் (எடிட்டிங் மென்பொருளோடு சேர்ந்து ஓடும் துணை மென்பொருள்) ஒன்று ‘ஆக்டிவேஷன் எல்லை முடிந்தது’ என்று திறக்கவே மறுக்கிறது. அந்த நிறுவனத்துக்கு மெயில் போட்டேன், பதில் இல்லை. விண்டோஸை கீ-யுடன் தனியாக வாங்கியதாகத்தான் ஞாபகம், உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு நண்பர் ‘ஃபார்மேட் பண்ணிடு, எல்லாம் சரியாகிவிடும்’ என்கிறார். இன்னொருவர் ஒரு ஆக்டிவேட்டர் ஃபைலை அனுப்பியிருக்கிறார். பழைய போர்டும் பிராசஸரும் ராமும் அலமாரியில் இருக்கின்றன, வாங்கவும் ஆள் வந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவன் நான். எதற்காக ஒவ்வொருவரிடமும் போய் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும்?

பதில்: முதலில் இரண்டு விஷயம். ஃபார்மேட் செய்யாதீர்கள். பழைய போர்டை இப்போதைக்கு யாருக்கும் கொடுக்காதீர்கள். வாங்க வந்தவரைக் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுங்கள். அந்தப் போர்டுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

பதறவும் வேண்டாம். ஆக்டிவேட் ஆகாத விண்டோஸ் உங்கள் ஃபைல்களைத் தொடாது, பூட்டாது. மூலையில் அந்த எழுத்து நிற்கும், வால்பேப்பரையும் வண்ணங்களையும் மாற்றும் செட்டிங்ஸ் அடைபட்டிருக்கும், அவ்வப்போது ஞாபகப்படுத்தும். எடிட்டிங் வேலை ஓடும், பாதுகாப்பு அப்டேட்டும் வரும். ஆகவே கையில் இருக்கும் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, ஒரு ஓய்வான நாளில் இதை எடுத்துக்கொள்ளலாம். அவசரத்தில் கண்ட பட்டனையெல்லாம் அழுத்துபவர்கள்தான் இதில் சிக்கலைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள்.

ஃபார்மேட் ஏன் கூடாது என்று சொல்கிறேன். மென்பொருளுக்கு உங்களைத் தெரியாது. முகத்தைப் பார்க்காமல் வண்டி நம்பரை வைத்தே உள்ளே விடும் வாட்ச்மேன் மாதிரி, அது கம்ப்யூட்டரில் எதையோ ஒன்றைப் பார்த்து ‘இது அவருடையது’ என்று முடிவு செய்கிறது. எதைப் பார்க்கிறது என்பதுதான் ஒவ்வொரு மென்பொருளுக்கும் வேறு. விண்டோஸ் பெரும்பாலும் மதர்போர்டைப் பார்க்கிறது. பொறியியல் மென்பொருள்கள் பல நெட்வொர்க் கார்டின் முகவரியைப் பார்க்கின்றன. மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருள் விண்டோஸில் டிரைவின் வால்யூம் சீரியல் எண்ணைப் பார்க்கிறது. அது ஃபார்மேட் செய்தால் மாறும், குளோன் (டிரைவின் அச்சு அசலான நகல்) எடுத்தால் மாறாது. சின்ன நிறுவனங்கள் பல, விண்டோஸ் நிறுவும்போது அதன் உள்பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் எழுதப்படும் ‘மெஷின் குயிட்’ என்ற நீண்ட எண்ணோடு திருப்திப்பட்டுவிடும். அதற்கும் ஹார்டுவேருக்கும் சம்பந்தமே இல்லை, விண்டோஸைப் புதிதாக நிறுவினால்தான் மாறும். சந்தா மென்பொருள்கள் உங்கள் அக்கவுன்டையும், எத்தனை கம்ப்யூட்டரில் லாகின் ஆகியிருக்கிறது என்ற கணக்கையும் தங்கள் சர்வரில் வைத்திருக்கின்றன.

இப்போது உங்கள் நிலைமையைப் பாருங்கள். போர்டு மாறிவிட்டது; அதன்மேல் இருந்த நெட்வொர்க் முகவரியும் மாறிவிட்டது. ஆனால் டிரைவும் விண்டோஸும் பழையவைதான். அதனால்தான் எல்லா மென்பொருளும் கோபித்துக்கொள்ளவில்லை, சிலது மட்டும் கோபித்திருக்கிறது. ஃபார்மேட் செய்தால் மிச்சமிருக்கும் அடையாளமும் அழியும், இன்று அமைதியாக ஓடிக்கொண்டிருப்பவையும் சேர்ந்து வரிசையில் நிற்கும். விண்டோஸ் பிரச்சினையும் தீராது. அது கேட்பது போர்டை, டிரைவை அல்ல.

பழைய போர்டின் பாக்கி வேலைக்கு வருகிறேன். இதை விண்டோஸில் கைவைப்பதற்கு முன்னாலேயே செய்யச் சொல்கிறேன், வரிசை முக்கியம்.

உங்கள் ஆடியோ பிளகின் கதை இதுதான்: அதை விற்ற நிறுவனத்தின் சர்வரில் உங்கள் பெயருக்கு ஒன்றோ இரண்டோ இடம் இருக்கும். அதில் ஒன்றைப் பழைய போர்டு பிடித்து வைத்திருக்கிறது. புதிய போர்டை அது வேறு கம்ப்யூட்டர் என்று நினைக்கிறது. இப்போது புதிய போர்டிலிருந்து எத்தனை தடவை முயன்றாலும் பழைய இடம் காலியாகாது. ஏனென்றால் இடத்தைப் பிடித்த கம்ப்யூட்டரிலிருந்துதான் பெரும்பாலும் அதை விடுவிக்க முடியும். அந்தக் கம்ப்யூட்டரை நீங்கள் பிரித்துப் போட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். பிரித்ததைத் திரும்பச் சேர்க்கலாமே.

பழைய போர்டு, அதே பழைய பிராசஸர், ராம், அதே எஸ்.எஸ்.டி. இவற்றை மேஜைமேலேயே, போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து இணைக்கலாம்; கேபினெட்டில் மாட்ட வேண்டியதில்லை. பவர் சப்ளையை மட்டும் கழற்றி இங்கே கொண்டுவர வேண்டியிருக்கும். பழைய போர்டில் திரை இணைப்பு இல்லையென்றால் கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். ஆன் செய்து இணையத்தோடு இணைத்தால், விண்டோஸ் தன் பழைய வீட்டை அடையாளம் கண்டு பெரும்பாலும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். பிளகினைத் திறங்கள். அது வாய்மூடி ஓடினால், அதன் ஹெல்ப் அல்லது அபவுட் மெனுவில் ‘டீஆக்டிவேட்’ என்றோ ‘ரிலீஸ்’ என்றோ இருக்கும். சில மென்பொருளில் ‘டிரான்ஸ்ஃபர்’ என்று இருக்கும். கணக்கு எழுதுபவர்கள் பயன்படுத்தும் டேலியில் இதே காரியத்துக்குப் பெயர் ‘சரண்டர்’. அதை அழுத்தி, வெற்றி என்ற செய்தி வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே கம்ப்யூட்டரை அணையுங்கள். இணையம் இல்லாமல் டீஆக்டிவேட் செய்தால் இங்கே நீங்கிவிட்டதாகக் காட்டும், சர்வருக்குச் செய்தி போயிருக்காது. அந்த ஏமாற்றம் வேண்டாம்.

அந்தச் சமயத்திலேயே மற்ற மென்பொருள்களையும் ஒரு சுற்று பாருங்கள். எதற்கெல்லாம் டீஆக்டிவேட் மெனு இருக்கிறதோ அதையெல்லாம் விடுவித்துவிடுங்கள். போட்டோ மென்பொருளிலும் சைன் அவுட் கொடுத்துவிடுங்கள். மதர்போர்டு செத்துப்போய் மாற்றுபவர்களுக்கு இந்த வசதி கிடையாது. உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, அலமாரியில் இருக்கும்போதே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சரி, புதிய போர்டுக்குத் திரும்பிவிட்டீர்கள். விண்டோஸுக்குப் போவதற்கு முன் திரையின் மூலையில் இருக்கும் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். புதிய போர்டின் கடிகாரம் சில நேரம் எங்கோ பழைய வருடத்தில் நின்றுகொண்டிருக்கும். தேதி தவறாக இருந்தால் ஆக்டிவேஷன் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பே ஏற்படாது. பிழைச் செய்தியோ வேறு எதையோ சொல்லிக் குழப்பும். அப்புறம் நேர மண்டலத்தையும் சரிபாருங்கள். பல பேர் இதைப் பார்க்காமல் மணிக்கணக்கில் கீ-யோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

விண்டோஸ் ஆக்டிவேஷன் புதிய சங்கதி அல்ல. 2001இல் விண்டோஸ் எக்ஸ்.பி. வந்தபோதே தொடங்கிவிட்டது. அப்போது கம்ப்யூட்டரின் பல பாகங்களைச் சேர்த்து ஒரு கைரேகை போல எடுத்துவைத்து, அதில் நிறைய மாறினால் மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லும். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது டிஜிட்டல் லைசென்ஸ் வந்தது. கீ-யை நீங்கள் ஞாபகம் வைத்திருக்க வேண்டாம், இந்தக் கம்ப்யூட்டருக்கு லைசென்ஸ் உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சர்வரே ஞாபகம் வைத்துக்கொள்ளும். நல்ல வசதி. ராம் கூட்டினாலோ, கிராஃபிக்ஸ் கார்டு மாற்றினாலோ, ஏன், புதிய எஸ்.எஸ்.டி. போட்டு விண்டோஸை முதலிலிருந்து நிறுவினாலோகூட, அதே எடிஷன் (ஹோம், புரோ போன்ற பதிப்பு) என்றால் பொதுவாக அது தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். மதர்போர்டு மாறினால் மட்டும் சர்வர் முழிக்கிறது. அதற்கு வழியாக 2016 ஆகஸ்டில் வந்த அப்டேட்டில், லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டோடு இணைத்துவைக்கும் வசதியைச் சேர்த்தார்கள்.

நீங்கள் இணைத்திருந்தீர்களா என்பதுதான் இப்போது கேள்வி. இதைப் பழைய போர்டில் விண்டோஸ் எழுந்து நிற்கும்போதே பார்த்துவிடலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன். அங்கே ‘டிஜிட்டல் லைசென்ஸுடன் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது’ என்று மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால், லைசென்ஸ் அந்தப் போர்டோடு மட்டும் கட்டப்பட்டிருக்கிறது. அதே வரி ‘உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டோடு இணைக்கப்பட்டது’ என்று நீண்டு முடிந்தால், பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். இணைக்கவில்லையா? அங்கேயே அக்கவுன்டைச் சேர்க்கச் சொல்லும் பட்டன் இருக்கும். அழுத்தி இணைத்துவிட்டுப் பிறகு புதிய போர்டுக்குப் போங்கள். கூடவே கம்ப்யூட்டருக்கு ஒரு பெயர் வையுங்கள். விண்டோஸ் தானாக வைக்கும் பெயர், டெஸ்க்டாப் என்று தொடங்கிக் கண்டபடி எழுத்தும் எண்ணுமாக முடியும். பின்னால் பட்டியலில் அதை அடையாளம் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ‘பழைய-எடிட்டிங்’ என்று பெயர் இருந்தால் ஒரு நொடியில் முடியும்.

புதிய போர்டில் அதே ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால் பிழை எண்ணோடு ஒரு செய்தி இருக்கும். அந்த எண் எஃப்211 என்று முடிந்தால், ‘ஹார்டுவேர் மாறியதாகத் தெரிகிறது’ என்று விண்டோஸ் தானே ஒப்புக்கொள்கிறது என்று பொருள். டிரபிள்ஷூட் பட்டனை அழுத்துங்கள். அது சற்று நேரம் யோசித்துவிட்டு, சரிசெய்ய முடியவில்லை என்று கைவிரிக்கும். அங்கேதான் நிறையப் பேர் ஜன்னலை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். கீழே சின்ன எழுத்தில், இந்தக் கம்ப்யூட்டரில் அண்மையில் ஹார்டுவேர் மாற்றினேன் என்ற பொருளில் ஒரு இணைப்பு இருக்கும். அதைத் தொட்டு, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் நுழைந்தால், உங்கள் பெயரிலுள்ள கம்ப்யூட்டர்களின் பட்டியல் வரும். பழைய பெயரைத் தேர்ந்து, ‘இப்போது நான் பயன்படுத்துவது இதுதான்’ என்ற கட்டத்தில் டிக் போட்டு, ஆக்டிவேட் கொடுங்கள். அட்மின் உரிமையுள்ள அக்கவுன்டில் இருந்து செய்ய வேண்டும். பழையது ஹோம் என்றால் புதியதும் ஹோம், புரோ என்றால் புரோ. எடிஷன் மாறினால் பட்டியலில் இருந்தும் பலன் இல்லை. இப்படி மாற்றுவதற்கும் ஓர் எல்லை உண்டு, மாதாமாதம் போர்டு மாற்றி விளையாட முடியாது.

இது ஒத்துழைக்காவிட்டால், உங்களிடம் இருப்பது எந்த வகை லைசென்ஸ் என்று தெரிய வேண்டும். ‘ஞாபகம், ஆனால் உறுதியில்லை’ என்றீர்களே, அதை விண்டோஸிடமே கேட்டுவிடலாம். விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் எஸ்-எல்-எம்-ஜி-ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்தைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்கோடு போட்டு, டி-எல்-ஐ என்று சேர்த்து என்டர் அடியுங்கள். சில நொடியில் ஒரு குட்டி ஜன்னல் திறக்கும். இரண்டாவது வரியில் ரீடெயில், ஓ.இ.எம்., வால்யூம் இவற்றில் ஒரு சொல் இருக்கும். அதற்குக் கீழே உங்கள் கீ-யின் கடைசி ஐந்து எழுத்து இருக்கும்.

ரீடெயில் என்றால் நல்ல சகுனம். அது உங்களோடு வரும் லைசென்ஸ், ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர் என்பதுதான் நிபந்தனை. 25 எழுத்துக் கீ இருந்தால் ஆக்டிவேஷன் பக்கத்திலேயே ‘சேஞ்ச் புராடக்ட் கீ’ கொடுத்து அதைத் தட்டலாம். மறுத்தால் மைக்ரோசாஃப்ட் உதவிப் பிரிவிடம் ‘மதர்போர்டு மாற்றினேன், பழையதில் விண்டோஸை இனிப் பயன்படுத்தவில்லை’ என்று அப்படியே சொல்லுங்கள், அது உண்மைதானே.

ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அந்த ரீடெயில் என்ற சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். டிஜிட்டல் லைசென்ஸில் ஓடும் கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் ஒரு பொதுக் கீ-யைத் தானே போட்டுக்கொள்ளும். உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கம்ப்யூட்டரில் அதே கீ-தான். புரோ எடிஷனில் கடைசி ஐந்து 3வி66டி என்று இருக்கும், ஹோமில் 8எச்விஎக்ஸ்7 என்று இருக்கும். உங்கள் ஜன்னலில் இவை தெரிந்தால், அது நீங்கள் வாங்கிய கீ அல்ல, அதைக் காட்டி எதையும் நிரூபிக்க முடியாது. வாங்கிய பில், பெட்டி, ஆர்டர் மெயில் இவற்றைத்தான் தேட வேண்டும். மெயில் பெட்டியில் ‘புராடக்ட் கீ’, ‘ஆர்டர்’ என்று தேடிப் பாருங்கள், அநேகமாக அங்கேதான் கிடக்கும்.

ஓ.இ.எம். என்றால் கசப்பான செய்தி. கம்ப்யூட்டரோடு சேர்த்து வந்த லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு வாழ்ந்து அதோடு போவது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து பிராண்டட் கம்ப்யூட்டர்களில் கீ-யை கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் பயாஸ் என்ற போர்டின் சிப்பிலேயே எழுதிவைத்துவிடுகிறார்கள். போர்டு பழுதாகி அதற்குப் பதில் மாற்றினால் மைக்ரோசாஃப்டின் விதியில் இடம் உண்டு. வேகத்துக்காக மாற்றினால் அது புதிய கம்ப்யூட்டர் என்பதுதான் அவர்கள் கணக்கு, புதிய லைசென்ஸ் வாங்கத்தான் வேண்டும். லேப்டாப் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் இதில் ஒரு சொல்: சர்வீஸ் சென்டரில் போர்டு மாற்றினால், எடுத்துவரும் முன் அங்கேயே ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். புதிய போர்டில் சீரியல் எண்ணையும் விண்டோஸ் கீ-யையும் ஏற்றித் தருவது அவர்கள் வேலை.

பழைய விண்டோஸ் 7 கீ ஒன்று பெட்டியில் கிடக்கிறதே என்று அதைத் தேடிப் போகாதீர்கள். பழைய கீ-யால் புதிய விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அடைத்துவிட்டது. வால்யூம் என்று வந்தால், அந்தக் கீ ஏதோ ஒரு நிறுவனத்துடையது, உங்களுடையது அல்ல. ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் அங்குள்ள ஐ.டி. ஆளிடம் போங்கள். இணையத்தில் அடிமாட்டு விலைக்கு வாங்கியது என்றால், ஏன் அவ்வளவு மலிவு என்பதற்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது.

பின் நம்பர் ஏன் வேலை செய்யவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பின் நம்பர் அக்கவுன்டில் இல்லை, டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சிப்போடு பூட்டப்பட்டது. அந்தச் சிப் பழைய போர்டிலோ பழைய பிராசஸரிலோ போய்விட்டது. பாஸ்வேர்டில் நுழைந்து புதுப் பின் வைத்தால் தீர்ந்தது. ஆனால் இதே சிப் இன்னொரு பெரிய விஷயத்தையும் காவல் காக்கிறது. டிரைவ் முழுவதையும் மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர் உங்களிடம் ஆன் ஆகியிருந்தால், புதிய போர்டில் முதல் முறை எழும்போதே நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டிருக்கும். கேட்கவில்லை என்பதால் தப்பித்தீர்கள். புதிய விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டோடு நிறுவினால் இது தானாகவே ஆன் ஆகிவிடுவதும் உண்டு, பலருக்குத் தெரிவதே இல்லை. லைசென்ஸ் போனால் இன்னொன்று வாங்கலாம். இந்த எண் இல்லாவிட்டால் டிரைவில் இருக்கும் எடிட்டிங் ஃபைல்கள் போனது போனதுதான், மைக்ரோசாஃப்டாலும் திறந்து தர முடியாது. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ ஆன் ஆகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஆன் என்றால் மீட்பு எண்ணை எழுதியோ பிரின்ட் எடுத்தோ இந்தக் கம்ப்யூட்டருக்கு வெளியே வையுங்கள்.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் பிராசஸருக்கான போர்டு வைத்திருப்பவர்கள் பிராசஸர் மாற்றியபின் முதல் முறை ஆன் செய்தால் கருப்புத் திரையில் ஒரு கேள்வி வரலாம்: டி.பி.எம்.மை ரீசெட் செய்யவா, ‘ஒய்’ அல்லது ‘என்’ எழுத்தை அழுத்து என்று. கையில் மீட்பு எண் இல்லாமல் ‘ஒய்’ அழுத்திவிடாதீர்கள். ‘என்’ அழுத்தினால் பழைய பிராசஸரைத் திரும்ப மாட்டிப் பிழைத்துக்கொள்ளலாம்.

போட்டோ மென்பொருளுக்கு இவ்வளவு பேச்சு வேண்டாம். சந்தா மென்பொருள்கள் அக்கவுன்டைத்தான் பார்க்கின்றன. அடோபியின் கிரியேட்டிவ் கிளவுட் என்றால் தனிநபர் சந்தாவுக்கு இரண்டு கம்ப்யூட்டர். மூன்றாவதில் நுழையும்போது பழையதில் சைன் அவுட் செய்யவா என்று அதுவே கேட்கும், ஆமாம் என்றால் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் 365 ஒரே நேரத்தில் ஐந்து கருவிகளில் லாகின் செய்ய விடும், மறுபடி நுழைந்தால் போதும். பெரும்பாலான சந்தா மென்பொருள்களுக்கு அவற்றின் இணையதளத்தில் உங்கள் அக்கவுன்ட் பக்கத்தில் ‘டிவைசஸ்’ என்று ஒரு பட்டியல் இருக்கும், அங்கே பழையதை நீக்குங்கள்.

நண்பர் அனுப்பிய ஆக்டிவேட்டரை நீக்கிவிடுங்கள், திறந்துகூடப் பார்க்க வேண்டாம். இப்படிப்பட்டவை முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும், அடுத்து அட்மின் உரிமை கேட்கும். முன்பின் தெரியாத ஒருவருக்கு வீட்டுச் சாவியோடு நாயையும் கட்டிப்போட்டுக் கொடுப்பதற்குச் சமம் அது என்று உங்களுக்கே தெரியும். அதிலும் உங்களிடம் முறையான லைசென்ஸ் இருக்கும்போது, உள்ளதை மீட்காமல் திருட்டு ஒன்றை ஏன் மேலே ஏற்ற வேண்டும்? அதேபோல ‘ஆக்டிவேஷன் உதவி எண்’ என்று தேடி, முதலில் வரும் போன் நம்பருக்கு அழைக்காதீர்கள். தூரத்திலிருந்து கம்ப்யூட்டரைக் கையாள அனுமதி கேட்டால் இணைப்பைத் துண்டியுங்கள்.

எதற்காக நிரூபிக்க வேண்டும் என்ற உங்கள் கோபம் எனக்கும் உண்டு. இந்தத் தொழிலில் நான் பார்த்தவரை, ஆக்டிவேஷன் தொல்லையில் மாட்டுபவர்கள் எல்லாம் காசு கொடுத்தவர்களே. திருடிப் பயன்படுத்துபவருக்கு இந்த ஜன்னல் வருவதே இல்லை. ஒரு கீ-யைப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்வதைத் தடுக்க இதைவிட்டால் அவர்களுக்கு வேறு வழி தோன்றவில்லை என்பதும் நிஜம். இனி எதை வாங்கினாலும், விலைக்கும் வசதிக்கும் முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனாலும், அவர்கள் இணையதளத்தில் நுழைந்து அதை நானே நீக்க முடியுமா? முடியாது, மெயில் போட வேண்டும் என்றால், அந்த நிறுவனம் இருக்கும் வரைதான் உங்கள் லைசென்ஸும். பெரிய நிறுவனமானாலும் சர்வரை என்றைக்குமாக நடத்திக்கொண்டிருக்காது. அடோபி 2012 டிசம்பரில் தன் பழைய சி.எஸ்.2 (கிரியேட்டிவ் சூட் 2) மென்பொருள்களின் ஆக்டிவேஷன் சர்வரை மூடியபோது, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஆக்டிவேஷனே தேவைப்படாத பதிப்பைக் கொடுத்தது. எல்லோரும் அப்படிச் செய்வார்கள் என்று சொல்ல முடியாது.

நெட்வொர்க் முகவரியோடு லைசென்ஸ் கட்டும் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை. போர்டிலேயே இருக்கும் நெட்வொர்க் போர்ட்டுக்குப் பதிலாக, தனியாகச் செருகும் கார்டையோ யு.எஸ்.பி. அடாப்டரையோ காட்டி லைசென்ஸ் எடுங்கள். அடுத்த தடவை போர்டு மாறினாலும் அந்தக் கார்டு கூடவே வரும். நிறுவனம் அனுமதிக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பிளகின் நிறுவனத்துக்குப் போட்ட மெயில். பழைய போர்டில் டீஆக்டிவேட் செய்ய மெனுவே இல்லை, அல்லது செய்தும் பலிக்கவில்லை என்றால் அவர்கள் கையில்தான் இருக்கிறது. முதல் மெயிலில் என்ன எழுதினீர்கள் என்று தெரியவில்லை. ‘உங்கள் மென்பொருள் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது குவியலில் கிடக்கும். சின்ன நிறுவனங்களில் மெயில் படிப்பவரே மென்பொருள் எழுதுபவராகவும் இருப்பார். அவர் திரும்ப ஒரு கேள்விகூடக் கேட்காமல் வேலையை முடிக்கும்படி எழுதுங்கள். வாங்கியபோது கொடுத்த அதே மெயில் முகவரியிலிருந்து, அவர்களுக்குப் புரியும் மொழியில், கிட்டத்தட்ட இப்படி:

‘என் ஆர்டர் எண் இது, வாங்கிய தேதி இது, சீரியல் எண் இது. மதர்போர்டையும் பிராசஸரையும் மாற்றினேன். பழைய கம்ப்யூட்டர் இனி பயன்பாட்டில் இல்லை. அதன் ஆக்டிவேஷனை உங்கள் சர்வரிலிருந்து நீக்கித் தரவும். ஆக்டிவேஷன் ஜன்னலில் தெரியும் புதிய மெஷின் ஐ.டி. இது. படம் இணைத்திருக்கிறேன்.’

அவ்வளவு போதும். ஒரு வாரம் பொறுத்து, அதே மெயிலுக்குப் பதிலாகவே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். புதிதாகத் தொடங்கினால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள். அதற்கிடையே ஆக்டிவேட் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருக்காதீர்கள், சில சர்வர்கள் தோற்ற முயற்சிகளையும் சந்தேகக் கணக்கில் எழுதிக்கொள்ளும். பதில் வந்து பிளகின் திறக்கும்வரை பழைய போர்டு அலமாரியிலேயே இருக்கட்டும். அதை விற்கும்போது இன்னொன்றையும் ஞாபகம் வையுங்கள்: விண்டோஸ் லைசென்ஸை நீங்கள் புதிய போர்டுக்கு முறையாக மாற்றாமல் விற்றுவிட்டால், வாங்கியவர் அதே எடிஷனை நிறுவும்போது அது உங்கள் லைசென்ஸில் தானாக ஆக்டிவேட் ஆகிவிடக்கூடும்.

அவர்கள் ‘ஒரு ஆக்டிவேஷன் கூட்டியிருக்கிறோம்’ என்று எழுதினால் உடனே பாய்ந்து பயன்படுத்த வேண்டாம். புதிய எஸ்.எஸ்.டி. வாங்கி விண்டோஸைப் புதிதாக நிறுவும் எண்ணமோ, நெட்வொர்க் கார்டு மாற்றும் எண்ணமோ இருந்தால், அதையெல்லாம் முதலில் முடித்துவிட்டு, எல்லா பாகமும் அதனதன் இடத்தில் உட்கார்ந்த பிறகு அந்த ஒன்றைச் செலவழியுங்கள்.